பொம்மை லாரிக்கு நீர்க்காப்பு

இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

பனி என்றால் நமக்குத் தெரிந்தது மார்கழிப் பனிதான். வைகறையில் வரப்பில் நடந்தால் வேட்டி நுனி நனையும். வைக்கோற்போரின் மேல் முத்து முத்தாய் நிற்கும். எட்டு மணி வெயிலுக்குள் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். முழங்கால் உயரத்திற்கு விழுந்து, நாட்கணக்கில் தரையிலேயே கிடக்கும் வெண்பனியை நம் தஞ்சைத் தரணியில் யாரும் கண்டதில்லை. அப்படிக் கண்டிராத பனியில் ஓடுவதற்கு ஒரு பொம்மை லாரியைத் தயார் செய்யும் பொறுப்பு சென்ற ஆண்டு எனக்கு வந்து சேர்ந்தது. அது எப்படி வந்தது, என்ன செய்தேன், எங்கே தவறினேன் என்பதையே இங்கு எழுதுகிறேன். இயற்பியல் படிக்காத நண்பர்கள் அஞ்ச வேண்டாம். சமன்பாடு ஒன்றும் வராது.

என் மாமா குடும்பத்தோடு கனடாவில் டொராண்டோ நகரில் இருக்கிறார். கோடை விடுமுறைக்கு வந்த அவர் மகன், தன் பெட்டியில் துணிமணியைக் காட்டிலும் பத்திரமாக ஒரு லாரியைக் கொண்டு வந்திருந்தான். ஏறத்தாழ அரை மீட்டர் நீளம். கையிலுள்ள கருவியின் விசையை அழுத்தினால் அம்பது அறுபது அடி தூரத்திலும் சொன்னபடி கேட்கும். பிறந்த நாளுக்கு மாமா வாங்கித் தந்தது. ஆடி மாதம், எங்கள் வயலில் சம்பா நாற்றங்காலுக்குச் சேறு அடித்துப் போட்டிருந்தோம். டிராக்டர் கேஜ் வீலோடு சேற்றில் போவதைப் பார்த்த என் தம்பிக்கு, இந்த லாரியும் போகாதா என்று ஆசை வந்துவிட்டது. போயிற்று, பத்தடி தூரம். அதற்கப்பால் வரப்பு வழுக்கி, பக்கத்து வாய்க்காலில் குப்புற விழுந்தது.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. பையனும் அழவில்லை. அதுதான் எங்களுக்குக் கஷ்டமாகப் போயிற்று. “நம்ம வீட்டுக்கு வந்த இடத்துல புள்ளையோட பொருள் பாழாப் போச்சேடா” என்று அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இயற்பியல் படிக்கிற மகன் வீட்டில் இருக்கும்போது வேறு யாரிடம் போவது? லாரி என் மேசைக்கு வந்தது.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். நீரில் விழுந்த எந்த மின்கருவிக்கும் முதல் சிகிச்சை, பாட்டரியைக் கழற்றுவது. தம்பி அதைச் செய்யாமல், ஓடுமா ஓடுமா என்று விசையை அழுத்திக் கொண்டே வீட்டுக்குத் தூக்கி வந்தான். ஆச்சி அதை வாங்கி அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார்கள். செல்போன் நனைந்தால் அரிசியில் போடு என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அதன்படி. மறுநாள் காலை, வெளியே உலர்ந்து தெரிந்த லாரிக்கு நானே பாட்டரியை மாட்டினேன். சுருட்டுப் புகை போல் ஓர் இழை எழுந்தது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்பலகை கருகிவிட்டது.

அரிசியில் என்ன கோளாறு? நெல்லை 14 சதவீத ஈரத்திற்குக் காயவைத்துத்தான் சேமிக்கிறோம். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்திற்கு மேல் ஈரம் என்று மூட்டையைத் திருப்பும்போது நம் விவசாயிகள் படும் பாடு இம்மாவட்டத்தில் யாருக்குத் தெரியாது? உலர்ந்தது என்று நாம் நினைக்கும் அரிசியிலும் எடையில் எட்டில் ஒரு பங்கு நீர் இருக்கிறது. நம் ஊர்க் காற்றின் ஈரத்தோடு அது ஏற்கெனவே சமநிலைக்கு வந்துவிட்ட பொருள். புதிதாக உறிஞ்சிக்கொள்ள அதற்கு அதிக இடமில்லை. மேலும் அரிசித் தூசு இடுக்குகளில் போய் ஒட்டும். 2024ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனமே தன் போன்களை அரிசியில் போடாதீர்கள் என்று எச்சரித்திருக்கிறது. செய்ய வேண்டியது வேறு: பாட்டரியைக் கழற்றி, மூடிகளைத் திறந்து, சேற்றை வாலைவடி நீரால் கழுவி, முடிந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் விட வேண்டும். பொறுமைதான் மருந்து. எனக்கு அது இல்லாமற் போயிற்று.

நீர் ஏன் மின்பலகையைக் கெடுக்கிறது என்று கேட்டால், “நீர் மின்சாரத்தைக் கடத்தும்” என்று உடனே சொல்லிவிடுகிறோம். தூய நீர் மிக மோசமான கடத்தி. கடத்துவது அதில் கரைந்திருக்கும் உப்புகள். ஆடி மாத வாய்க்கால் நீரில் வண்டலும் இருக்கும், வயலிலிருந்து வடிந்த யூரியாவும் டி.ஏ.பி.யும் இருக்கும். அது பலகையின் இரண்டு செப்புக் கோடுகளுக்கு நடுவே நின்று, பாட்டரியும் இணைப்பில் இருந்தால், நாம் ஆய்வகத்தில் செய்யும் மின்பகுப்பு அங்கே நடக்கத் தொடங்கிவிடும். ஒரு கோட்டிலிருந்து செம்பு கரைந்து மறு கோட்டை நோக்கி நகரும், பச்சை படியும், கடைசியில் இரண்டும் ஒன்றை ஒன்று தொடும். ஆகவே நீரும் மின்னழுத்தமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருப்பதுதான் கேடு. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நீரை விலக்க வேண்டும், அல்லது நீர் தொட்டாலும் மின்சாரம் வெளிப்படாதபடி போர்த்த வேண்டும்.

இந்த இரண்டாவது வழி நம்மில் பலருக்குப் புதிதாகத் தோன்றும். ஆனால் நம் வயல்களிலேயே அது பல்லாண்டுகளாக ஓடிக் கொண்டிருக்கிறது. ஆழ்குழாய்க் கிணற்றில் இறங்கும் நீர்மூழ்கி மோட்டாரைக் கழற்றிப் பார்த்தவர்கள் அறிவார்கள். பலவகை மோட்டார்களில் உள்ளே சுத்தமான நீரை நாமே நிரப்பித்தான் இறக்குகிறோம். கம்பிச் சுருள் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறை போட்டது. உள்ளே இருக்கும் நீர் சூட்டைத் தணிக்கிறது. தாங்கு உருளைகளுக்கு மசகாகவும் ஆகிறது. நீரை எதிர்த்து மூடி போட்டுக் கொண்டிராமல், உள்ளே விட்டு வேலை வாங்கிய கெட்டிக்காரத்தனம் அது.

நான் கருகிய பலகைக்குப் பதில் புதியது ஒன்றை அஞ்சலில் வரவழைத்தேன். (டியூஷன் சொல்லிச் சேர்த்த பணம் அதோடு தீர்ந்தது.) இக்காலத்தில் பல கம்பெனி லாரிகள் நீர்க்காப்போடு வந்துவிடுகின்றன. இது பழைய மாடல். திரும்பிப் போனதும் மார்கழி, தை மாதங்களில் வீட்டுக்குப் பின்னால் பனியில் ஓட்டவே பையன் இதை வைத்திருந்தான். “அங்க ஓட்டினா நனையாதா?” என்று கேட்டேன். “ஸ்னோ தண்ணி மாதிரி இருக்காது அத்தான், மாவு மாதிரி இருக்கும்” என்றான். இந்த ஒரு வாக்கியம் எனக்குப் பெரிதும் உதவிற்று. குளிரில் விழும் புதுப் பனி பச்சரிசி மாவு போல உலர்ந்தது; ஒரு லிட்டர் அள்ளினால் அதில் பெரும்பாலும் 100 கிராம் நீர்கூடத் தேறாது. அது மின்பலகையின் மேல் விழுந்தால் உடனே ஆபத்தில்லை. ஆனால் ஓடுகிற மோட்டாரும் மின்பலகையும் சூடாகின்றன. சூட்டில் பனி உருகுகிறது, உருகிய நீர் இடுக்கில் இறங்குகிறது, லாரி நின்றதும் அங்கேயே மறுபடி உறைகிறது. உறையும்போது நீரின் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுவதால், இடுக்கை நெம்பி அகலமாக்கிவிடும். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் நீர் இறங்கும். போதாக்குறைக்கு, அந்நாட்டில் பனி வழுக்காமலிருக்கச் சாலைகளில் உப்பைத் தூவுகிறார்கள். உப்பு கலந்த பனிச்சேறு நம் வாய்க்கால் நீரைவிடக் கொடியது.

எனவே லாரியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, “உனக்கு நீரைக் கண்டு பயமா, இல்லையா?” என்று கேட்டேன் என்றே சொல்லலாம்.

மோட்டாருக்குப் பயம் குறைவு. இது கரித்துண்டுகள் உரசி ஓடும் சாதாரண நேர்மின்னோட்ட மோட்டார், அழுத்தம் 7.2 வோல்ட்டுதான். அவ்வளவு சிறிய அழுத்தத்தில் நீர் வழியே கசியும் மின்னோட்டம், மோட்டார் எடுக்கும் மின்னோட்டத்தின் முன் தூசு. வாளி நீருக்குள் அதை முழுக்கி ஓட்டிக் காட்டியபோது தம்பிக்கு நம்பவே முடியவில்லை. கேடு வருவது பிறகு: சுழல் தண்டும் தாங்கு உருளையும் துருப்பிடிக்கும், மண் கலந்த நீரானால் கரித்துண்டு விரைவில் தேயும். ஓட்டி முடித்ததும் உலர்த்தி, இரு முனையிலும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். பற்சக்கரப் பெட்டிக்கும் இதே கவனிப்புத்தான்.

வேகக் கட்டுப்பாட்டுப் பலகை நேர்மாறு. அதற்கு நீரும் ஆகாது. மூடி அடைத்தால் சூடும் ஆகாது. தடிமனாகப் பசையைக் கொட்டி அடைத்துவிட்டால் நீர் போகாதுதான். உள்ளே பிறக்கும் சூடும் வெளியேறாது. ஆகவே அதற்கென்றே விற்கும் அக்ரிலிக் வார்னிஷை மெல்லிய பூச்சாக இரண்டு முறை பூசினேன். குமிழி இல்லாமல், கால் ஊன்றிய மூலைகளில் கூட நன்றாகப் படியும்படி பூச வேண்டும். செருகிகளின் உட்புறத்தில் பட்டுவிட்டால் மின்சாரமே பாயாது. அவற்றை முன்னதாக நாடாவால் மறைத்துக் கொள்வது அவசியம். நகப்பூச்சைப் பூசுவோரும் உண்டு. நம் ஊருக்கு அது போதும். கடுங்குளிரில் அது வெடிப்பு விட்டுவிடும் என்பதால் நான் தொடவில்லை. செருகிகளுக்கு சிலிக்கோன் கிரீஸ் வைத்தேன். உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில் கிரீஸ் பிதுங்கி விலகிவிடும். சுற்றியுள்ள இடைவெளியை மட்டும் நிரப்பி நிற்கும்.

முன்சக்கரத்தைத் திருப்புகிற ஸர்வோவுக்கு உள்ளேயே ஒரு சிறு மின்பலகை இருக்கிறது. அதன் பெட்டியைத் திறந்து, பொருத்தும் விளிம்பு நெடுக மெல்லிய கோடாகப் பசை வைத்து மூடினேன். சுழலும் தண்டு வெளிவரும் துளையில் ரப்பர் வளையமும் கிரீஸும். நீர் புகாத எந்தக் கருவியிலும் பலவீனமான இடம் இதுதான்: அசையும் பாகம் வெளியே வரும் துளை. நம் பம்புசெட்டில் சீல் போய்விட்டது என்கிறோமே, அதே இடம்.

பசை என்றேனே, அதில் ஒரு கதை இருக்கிறது. கீழவாசலில் ஹார்டுவேர் கடையில் கேட்டால் குளியலறை ஓட்டைகளை அடைக்கும் சிலிக்கோன் குழாயைக் கொடுப்பார்கள். திறந்ததும் புளிக்காடி வாசனை அடிக்கும். எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, “காடி வாசனைன்னா அசிட்டிக் அமிலம். செம்பு பக்கத்துல வைக்கலாமா? நீயே சோதிச்சுப் பாரு” என்றார். இரண்டு சிறு டப்பாக்களில் தேய்த்துப் பளபளப்பாக்கிய செப்புக் கம்பிகளைப் போட்டு, ஒன்றை இந்தப் பசையாலும், மற்றொன்றை வாசனையற்ற நடுநிலைச் சிலிக்கோனாலும் அடைத்து வைத்தேன். இரண்டு வாரத்தில் முதல் டப்பாக் கம்பியில் பச்சை பூத்துவிட்டது, மற்றதில் இல்லை. இந்தப் பசை ஈரக்காற்றில் இறுகும்போது அமிலத்தை வெளிவிடுகிறது. திறந்த குளியலறையில் அது காற்றோடு போய்விடும், மூடிய பெட்டிக்குள் எங்கே போகும்? நீரைத் தடுக்கப் போய் அமிலத்தை உள்ளே பூட்டி வைத்திருப்பேன். கடைக்காரரிடம் “வாசனை இல்லாதது” என்று கேட்டு வாங்குங்கள்.

கோவில்களில் சிலையைப் பீடத்தோடு சேர்க்கும் அஷ்டபந்தன மருந்தை இந்த இடத்தில் நினைத்துக் கொண்டேன். கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு முதலியவற்றை எருமை வெண்ணெயோடு சேர்த்து இடித்து இடித்து மெழுகுபோல் ஆக்குகிறார்கள். அன்றாடம் அபிஷேக நீர் பீடத்திற்குள் இறங்காமல் காப்பது அதுவே. இறுகிக் கல்லாய்ப் போகாமல் சற்றே நெகிழ்ந்து கொடுப்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. அது வெடித்துப் போகும் என்பதால்தான் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். சிலிக்கோனும் அப்படியே, நெகிழ்வு போனால் காப்பும் போயிற்று.

இனி ரிசீவர். கையிலுள்ள கருவியின் ரேடியோ அலையை வாங்குவது இது. இதைச் சிறு பலூனுக்குள் போட்டு வாயைக் கட்டிவிடுவது பலர் செய்யும் சுருக்கு வழி. அவசரத்துக்குச் சரி. நான் மூடி இறுகும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தேர்ந்தேன். ஆன்டெனா நுனியை மட்டும் துளை வழியே மேலே கொண்டுவர வேண்டும், ஏனெனில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் நன்றாக விழுங்கிவிடும். வண்டி வாய்க்காலில் மூழ்கியதும் சொன்ன பேச்சுக் கேளாமற் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

டப்பாவை நன்றாக அடைத்தாயிற்று. இனிக் கவலையில்லை என்று எண்ணினேன். அப்போதுதான் அந்த டப்பாவுக்குள் தஞ்சாவூர்க் காற்றையும் சேர்த்து அடைத்திருப்பது நினைவுக்கு வந்தது. 32 டிகிரி வெப்பத்தில் 70 சதவீத ஈரமுள்ள காற்று, கன மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் நீராவியைச் சுமக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியில் அது சுமக்கக் கூடியது இரண்டு கிராம் சொச்சம்தான். மிச்சம் முழுவதும் உள்சுவரிலும் பலகையிலும் படிந்தாக வேண்டும். பயந்து கணக்குப் போட்டேன்: என் டப்பா 100 மில்லிலிட்டர், படியப்போவது இரண்டு மில்லிகிராம். ஒரு சொட்டில் இருபதில் ஒரு பங்கு கூட இல்லை! ஆனால் அத்தோடு முடிவதில்லை. குளிரில் டப்பாவுக்குள் அழுத்தம் குறையும். வீட்டுக்குள் கொண்டுவந்தால் கூடும். எங்காவது மயிரிழை இடுக்கு இருந்தால் ஒவ்வொரு தடவையும் சிறிது ஈரக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். மூடிய பெட்டி மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம். ஆகவே பலகைக்கும் வார்னிஷ் பூசி, மருந்துப் புட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் டப்பாவுக்குள் போட்டேன்.

பிறகு சோதனை. ரிசீவர் இல்லாத வெறும் டப்பாவில் ஒற்றுத்தாள் துண்டை வைத்து மூடி, அம்மாவின் அண்டாவில் அரை மணி நேரம் அமுக்கி வைத்தேன். தாள் நனையவில்லை. கருவிகளில் ஐ.பி. 67 என்று குறிக்கிறார்களே, அதில் வரும் 7 என்ற எண்ணுக்குப் பொருளும் ஏறக்குறைய இதுவே: ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். எங்கள் அண்டாவில் ஒரு மீட்டர் ஆழம் இல்லை, ஆகவே ஐ.பி. பட்டம் சூட்டிக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

குளிருக்கு எங்கே போவது? ஊர் மளிகைக்கடையின் ஐஸ்கிரீம் பெட்டிதான் கிடைத்தது. பாட்டரியைக் கழற்றிவிட்டு லாரியின் அடிப்பாகத்தை ஓர் இரவு அதற்குள் வைக்க, கடைக்கார அண்ணன் சிரித்துக் கொண்டே சம்மதித்தார். காலையில் பார்த்தால் சக்கரம் கையால் சுற்றவே மறுத்தது. காரணம் நான் பற்சக்கரத்தில் அப்பியிருந்த கிரீஸ், டிராக்டருக்குப் போடுவது. பழைய நாளில் மாட்டுவண்டி அச்சுக்குப் போட்ட வண்டிமை போலக் கெட்டித்து நின்றது. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, குளிரில் அதிகம் இறுகாத சிலிக்கோன் கிரீஸுக்கு மாற்றினேன். பெட்டியின் சுவரில் படிந்திருந்த உறைபனியைச் சுரண்டி ஒரு தாம்பாளத்தில் கொட்டி, அதில் லாரியை ஓட்டிப் பார்த்ததுதான் நான் கண்ட முதலும் கடைசியுமான பனிப்பொழிவு. தெருப்பிள்ளைகள் அதில் பாதியைத் தின்றுவிட்டார்கள்.

இன்னொன்று விந்தையானது. சக்கரங்களைத் தாங்கும் கைகள் நைலானால் ஆனவை. நைலான் உலர்ந்திருந்தால் நொறுங்கும் தன்மை கொள்ளும். குளிரில் இன்னும் மோசம். சிறிது நீரைக் குடித்த நைலானோ வளைந்து கொடுக்கும். ஆகவே அக்கைகளைக் கழற்றி, வெந்நீரில் அரை மணி நேரம் கொதிக்க விட்டேன். “நேத்து வரைக்கும் தண்ணி படக்கூடாதுன்னே, இன்னைக்கு வேகவைக்கிறே?” என்று கேட்டார்கள் ஆச்சி. நியாயமான கேள்விதான். ஒரே லாரியில் ஓர் உறுப்புக்கு நீர் எமன், இன்னொன்றுக்கு அதுவே மருந்து.

பாட்டரியைப் பற்றிப் பையனிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினேன். லித்தியம் பாட்டரி குளிரில் சோர்ந்துபோகும். ஓட்டும் வரை சட்டைப் பைக்குள் வைத்திரு. பனியிலிருந்து கொண்டு வந்ததும் சார்ஜ் போடாதே. பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பாட்டரி கெடும், ஆபத்தும் கூட. அறைச் சூட்டுக்கு வந்தபின் போடு. சாலை உப்புப் பக்கம் போனால் வெந்நீர் வேண்டாம், சாதாரண நீரால் கழுவித் துடை. விமானத்தில் தனிப் பாட்டரியைக் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும் என்பது மாமாவுக்கே தெரிந்திருந்தது.

ஆவணியில் அவர்கள் புறப்பட்டார்கள். அம்மா முறுக்கோடு லாரியையும் தன் கையாலேயே கட்டிக் கொடுத்தார்கள். பொங்கல் கழித்து ஒரு நாள், மாமா அனுப்பிய படம் தம்பியின் போனில் வந்தது. வேலியோரம் வெள்ளை வெளேரென்று, எங்கள் களத்தில் நெல் குவித்தது போலப் பனி. அதில் லாரி இருபது நிமிடம் ஓடியிருக்கிறது. மின்பலகை, ரிசீவர், ஸர்வோ எதிலும் பழுதில்லை. நின்றது வேறு காரணத்தால்: சக்கரப் பள்ளங்களில் பனி அப்பி, டயர் உருண்டையாக வழுவழுத்துச் சுழன்றதே தவிர வண்டி நகரவில்லை. டயருக்குள் இருக்கும் பஞ்சும் உருகிய நீரைக் குடித்துக் கனத்துவிட்டதாம். அதை நான் எண்ணியே பார்க்கவில்லை. ஓடுபரப்பில் சிறு துளைகள் இட்டிருந்தால், சுழலும் வேகத்தில் நீர் வெளியே சிதறியிருக்கும்.

தம்பி படத்தை இரண்டு தடவை பார்த்தான். “சேத்துல டயர் வழுக்கினா டிராக்டருக்கு என்ன பண்றோம்?” என்றான். அன்று மாலையே சைக்கிள் கடையில் பழைய ஸ்போக் கம்பிகளை வாங்கி வந்து, விரல் நீளத்திற்கு வெட்டி, திண்ணையில் உட்கார்ந்து லாரிக்குக் கேஜ் வீல் கட்டத் தொடங்கிவிட்டான். இரண்டு முடிந்திருக்கின்றன; இன்னும் இரண்டு பாக்கி.